அமெரிக்க லொறிச் சாரதியும் ‘சுயாதீனம்’ என்ற சொல்லும்

பேராதனையில் என்னுடன் தமிழ் பயின்ற ஒருசாலை மாணாக்கர் ஒருவர் இப்பொழுது அமெரிக்காவின் நியூஜேர்சி மாநிலத்தில் லொறிச் சாரதியாய் இருக்கிறார். பட்டம் பெற்றவர் லொறி ஓட்டுவதா என்று மூக்கில் விரல் வைப்போர் நம்மிடையே உளர். அவர்களுக்கு விடை கூறுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. சென்ற ஆண்டு அந்நண்பர் எழுதிய கடிதத்தில் ஒரு வினா இருந்தது. எட்டாண்டு காலம் ஒரு கம்பனியிற் சம்பளத்துக்கு ஓட்டிச் சேர்த்த பணத்தைக் கொண்டு பழைய லொறியொன்றை வாங்கிவிட்டார். இனி அதனைத் தம் பெயரிலேயே அனுமதி பெற்றுத் தனித்து ஓட்டுவதா, அன்றிப் பெரிய சரக்கேற்றுக் கம்பனியொன்றுக்குக் குத்தகையாகக் கொடுத்து அதன் கீழ் நின்று ஓட்டுவதா என்பதே அவ்வினா. கணக்கறியாத தமிழாசிரியனிடம் இதனைக் கேட்டது அவர் பிழை. எனினும் விடை தேடப் புகுந்த எனக்கு, இவ்விரு வழிகளும் எப்பொழுது தோன்றின, யார் வெட்டிய வழிகள் என்ற வரலாறு கண்முன் விரிந்தது. அதனை நமது வாசகர்களுடன் பகிர்ந்துகொள்வது பயனுடைத்தெனக் கருதுகின்றேன்.

முதலில் இரு வழிகளையும் தெளிவு செய்துகொள்வோம். தனித்து ஓட்டுபவர் மத்திய அரசாங்கத்திடம் தம் பெயரில் அனுமதி எண் பெறுதல் வேண்டும். மாநில எல்லை கடந்து கூலிக்குச் சரக்கேற்றும் கனரக லொறிக்குக் குறைந்தது 750,000 டொலர் பொறுப்புக் காப்புறுதி இருத்தல் வேண்டுமென்பது சட்டம். அதற்கான தவணைப் பணத்தைத் தாமே செலுத்த வேண்டும். சரக்கைத் தரகரிடம் தேடிப் பிடிப்பதும், கூலியை அறவிடுவதும் அவர் பாடே. குத்தகைக்குக் கொடுப்பவருக்கு இத்தொல்லைகள் குறைவு. அனுமதி கம்பனியினுடையது, சரக்கு கம்பனியினுடையது, லொறிக் கதவில் எழுதப்பட்டிருக்கும் பெயரும் கம்பனியினுடையதே. கூலியில் ஒரு பங்கு, பெரும்பாலும் காற்பங்களவிலோ அதற்கு மேலோ, கம்பனிக்குப் போகும். எரிபொருள், ரயர், திருத்தவேலை, லொறியின் கடன் ஆகியன சாரதியின் தலையில் நிற்கும். இவ்விரு திறத்தாரையும் அமெரிக்க வழக்கில் ‘சுயாதீனர்’ என்றே குறிக்கின்றனர். கதவில் இன்னொருவர் பெயரை எழுதிக்கொண்டு ஒருவர் சுயாதீனராயிருப்பது எங்ஙனம் என்ற ஐயம் எனக்கு இங்கேதான் பிறந்தது.

இவ்வையம் லொறிக்கு முற்பட்டது. குதிரை வண்டிக் காலத்தது. அமெரிக்கச் சாரதிகளின் பெருஞ்சங்கத்துக்கு ‘ரீம்ஸ்ரர்’ சங்கம் என்று பெயர். ‘ரீம்’ என்பது ஒரே வண்டியிற் பூட்டிய குதிரைத் தொகுதி. அதனை ஓட்டுபவர் ரீம்ஸ்ரர். இன்றும் அச்சங்கத்தின் சின்னத்தில் இரண்டு குதிரைத் தலைகளைக் காணலாம். 1899இல் தோன்றிய முதற் சங்கம் ஐந்து பூட்டுக் குதிரைகள் வரை சொந்தமாக வைத்திருந்தவரையும் உறுப்பினராய்ச் சேர்த்துக்கொண்டது. சிக்காகோச் சாரதிகளுக்கு இது பொறுக்கவில்லை. தன் வண்டியைத் தானே ஓட்டுபவன் நம்மவன். நான்கு வண்டிகளைப் பிறரைக் கொண்டு ஓட்டுவிப்பவன் நம்முடன் ஒரே வாங்கில் அமர்ந்து கூலியுயர்வு கேட்பது எப்படி என்று அவர்கள் வினவினர். 1902இல் பிரிந்து சென்று, ஒரு வண்டிக்கு மேல் உடையவருக்கு இடமில்லாத தனிச் சங்கமொன்றை அமைத்தனர். அடுத்த ஆண்டு இரண்டும் மீண்டும் இணைந்தன. ஆனால் அன்று கேட்கப்பட்ட வினா, உடைமைக்கும் உழைப்புக்குமிடையே கோடு எங்கே விழுகின்றது என்ற வினா, அதன்பின் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக ஓய்ந்தபாடில்லை.

1929இன் பொருளாதார வீழ்ச்சிக்குப் பின்னர் வேலையிழந்த பல்லாயிரவர் தவணைக்கு லொறி வாங்கித் தெருவில் இறங்கினர். கிடைத்த கூலிக்கு ஏற்றினர், உறக்கமின்றி ஓட்டினர். கூலி வீழ்ந்தது. புகையிரதக் கம்பனிகள் தம் வருவாய் குறைவதைக் கண்டு அஞ்சின. பெரிய லொறிக் கம்பனிகள் சில்லறைப் போட்டியைக் கண்டு அஞ்சின. இவ்விரு அச்சங்களும் மக்கள் நலம் என்ற மூன்றாவது நியாயத்துடன் சேர்ந்து 1935 ஓகஸ்ற் 9ஆம் நாள் மோட்டார்ச் சரக்கேற்றுச் சட்டமாய் வடிவெடுத்தன. அன்று அதில் ஜனாதிபதி ரூஸ்வெல்ற் கையொப்பமிட்டார். 1887 முதல் புகையிரதங்களைக் கட்டுப்படுத்தி வந்த மாநிலங்களுக்கிடை வர்த்தக ஆணைக்குழுவின் கையில் லொறிகளும் ஒப்படைக்கப்பட்டன.

இச்சட்டத்தின் உயிர்நாடி அனுமதிப்பத்திரம். 1935 ஜூன் முதலாம் நாளில் ஏற்கெனவே தொழில் நடத்திக்கொண்டிருந்த பொதுச் சரக்கேற்றுக் கம்பனிகளுக்கு அது மரபுரிமைபோற் கிடைத்தது. பின்வந்தவர், குறிப்பிட்ட தடத்தில் குறிப்பிட்ட சரக்கை ஏற்றத் தமது சேவை பொதுமக்களுக்குத் தேவையென்று ஆணைக்குழு முன் நிறுவ வேண்டும். அவ்விசாரணையில் அத்தடத்திலுள்ள பழைய கம்பனிகள் சட்டத்தரணிகளுடன் வந்து எதிர்த்து வாதாடலாம். ஒரேயொரு லொறியை வைத்திருந்த சாரதி இதில் வென்ற கதைகள் மிக அரிதாகவே இருந்திருக்கும். ஆகவே 1935க்குப் பிறகு லொறி வாங்கியவனிடம் வண்டி இருந்தது, உழைப்பு இருந்தது, சாலையும் அரசாங்கச் சாலையாய் இருந்தது. ஆனால் சரக்கேற்றும் உரிமை இல்லை. அவ்வுரிமை காகிதமாய்க் கம்பனியின் இரும்புப் பெட்டியில் இருந்தது. காகிதத்துக்கு வாடகை கொடுப்பதே குத்தகை முறையின் தோற்றுவாய் எனலாம். வெளித்தோற்றத்துக்குச் சாரதி கம்பனிக்கு லொறியை வாடகைக்கு விடுகின்றான். உண்மையிற் கம்பனி அவனுக்கு அனுமதிப்பத்திரத்தை வாடகைக்கு விடுகின்றது.

சட்டத்தில் ஒரு வாசல் மட்டும் திறந்திருந்தது. கமக்காரரின் நலன் கருதி, கால்நடை, மீன், விளைபொருள் ஆகியவற்றை ஏற்றும் லொறிகளுக்கு அனுமதிப்பத்திரம் வேண்டியதில்லை என விலக்களிக்கப்பட்டிருந்தது. செய்பொருள்களுக்கு இவ்விலக்கு இல்லை. தனித்து ஓட்ட விரும்பியோரெல்லாம் இவ்வாசலில் நெருக்கியடித்து நுழைந்தனர். ஆணைக்குழு வாசலை ஒடுக்கப் பார்த்தது. விளைபொருள் எது, செய்பொருள் எது என்று இருபதாண்டு காலம் நடந்த வழக்குகளைப் படிக்கும்போது, நமது உரையாசிரியர்கள் ஒரு சொல்லைப் பகுதி விகுதியாய்ப் பிரித்து நடத்தும் வாதங்கள் எனக்கு நினைவுக்கு வந்தன. உயிருள்ள கோழி விளைபொருள் என்பதில் ஐயமில்லை. கொன்று, இறகு பிடுங்கி, குடல் நீக்கி, உறைவித்த கோழி? அது செய்பொருள் என்றது ஆணைக்குழு. 1956இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் அதனை மறுத்து, இறகு போயினும் கோழி கோழியே என்ற கருத்துப்படத் தீர்ப்பளித்தது. வாசல் சற்றே அகன்றதும் மறுபக்கத்தார் காங்கிரசுக்கு ஓடினர். 1958ஆம் ஆண்டுப் போக்குவரத்துச் சட்டம் உறைவித்த பழங்கள், உறைவித்த காய்கறிகள், கோப்பி, தேயிலை, வாழைப்பழம் முதலியவற்றை விலக்குக்கு அப்பால் நிறுத்திற்று. நமது மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளி கிள்ளிய கொழுந்து, கடல் கடந்து நியூயோர்க்கில் இறங்கிய பின்னும், அதனை ஏற்றத் தகுதியுடைய லொறி எது என்ற வழக்கிற் சிக்கியிருந்தது என்பதை இங்கு ஒரு புறக்குறிப்பாகச் சொல்லிச் செல்கின்றேன்.

விளைபொருள் ஏற்றியவனுக்கும் ஒரு நெருக்கடி இருந்தது. கலிபோர்ணியாவிலிருந்து பழங்களை ஏற்றிக் கிழக்குக் கரைக்கு வந்தவன் திரும்பிப் போகும்போது எதை ஏற்றுவான்? கிழக்கில் உள்ளன தொழிற்சாலைச் செய்பொருள்கள். அவற்றை ஏற்ற அவனுக்கு உரிமையில்லை. வெறும் வண்டியை மூவாயிரம் மைல் ஓட்டினால் போன கூலியும் எண்ணெய்க்குப் போய்விடும். ஆகவே அந்த ஒரு பயணத்துக்கு மட்டும் அனுமதியுள்ள கம்பனியொன்றுக்கு லொறியைக் குத்தகைக்குக் கொடுத்துத் திரும்பினான். 1951இல் ஆணைக்குழு இதற்கும் தடை விதித்தது: குத்தகை முப்பது நாளுக்குக் குறையலாகாது என்றது. 1953இல் உயர் நீதிமன்றம் இவ்விதியை ஆமோதித்தது. கமக்காரர் தரப்பு காங்கிரசில் எழுப்பிய கூக்குரலால் விதி ஆண்டுக்கு ஆண்டு ஒத்திவைக்கப்பட்டு, 1956இல் விளைபொருள் லொறிகளுக்கு அது பொருந்தாதெனச் சட்டமாயிற்று. கமக்காரருக்கு வாக்கு இருந்தது. சாரதிக்கு அவர்களின் நிழல் இருந்தது.

இவ்வரலாற்றின் நடுநாயகமாய் எனக்குத் தோன்றுவது 1947 ஜூன் 16ஆம் நாள் வெளிவந்த ஒரு தீர்ப்பு. கன்சாஸ் மாநிலத்தில் நிலக்கரி விற்ற ஒரு வியாபாரியின் வழக்கு அது. அவருடைய முற்றத்தில் இரு வகையினர் வேலை செய்தனர். புகையிரதப் பெட்டியிலிருந்து கரியை இறக்குவோர் ஒரு வகையினர். அவர்கள் தத்தம் மண்வெட்டியையும் பிக்கானையும் தாமே கொண்டு வந்தனர், இறக்கிய தொன்னுக்கு இவ்வளவு என்று கூலி பெற்றனர். வீடுகளுக்குக் கரி கொண்டு சென்று கொடுப்போர் மற்ற வகையினர். அவர்கள் சொந்த லொறி வைத்திருந்தனர், அவர்களுக்கும் தொன் கணக்கிலேயே கூலி. கட்டளை வந்ததும் வியாபாரியின் அலுவலகத்திலிருந்து லொறிக்காரர் தங்கும் கட்டடத்தில் ஒரு மணி அடிக்கும். லொறிக்காரர் தமக்குள் ஒரு வரிசைப் பட்டியல் வைத்திருந்தனர். முதலில் உள்ளவர் துண்டைப் பெற்றுக்கொண்டு புறப்படுவார். விரும்பினால் வரலாம், விரும்பாவிட்டாற் போகலாம், பிறருக்கும் ஏற்றலாம். எரிபொருளும் திருத்தமும் அவர்கள் செலவு. சமூகக் காப்புறுதி வரியை வியாபாரி இவர்களுக்காகச் செலுத்த வேண்டுமா என்பதே வழக்கு.

இறக்குவோர் ஊழியர் என்றது நீதிமன்றம். மண்வெட்டி ஒரு முதலீடன்று. லொறிக்காரர் ஊழியரல்லர், சுயாதீன ஒப்பந்தகாரர் என்றது. லொறி ஒரு முதலீடு, அதனை நன்கு நிர்வகித்தால் ஆதாயம் உண்டு, தவறினால் நட்டம் உண்டு. இருவரும் ஒரே முற்றத்தில், ஒரே கரியை, ஒரே தொன் கணக்கிற் சுமந்தனர். கருவியின் விலை ஒருவனை முதுமையில் ஓய்வூதியம் பெறும் தொழிலாளியாகவும் மற்றவனை ‘சிறு தொழிலதிபன்’ ஆகவும் ஆக்கிவிட்டது. அந்தக் கருவி கடனில் வாங்கியதா, கடன் தீருமுன் தேய்ந்து போவதா என்று எவரும் கேட்டிலர்.

அதே தீர்ப்பில் இணைந்து விசாரிக்கப்பட்ட மற்றொரு வழக்கு இன்னும் வியப்பானது. வீட்டுத் தளபாடம் ஏற்றும் ஒரு கம்பனிக்குத் தம் லொறிகளைக் குத்தகைக்குக் கொடுத்து ஓட்டியவர்கள் பற்றியது அது. இவர்கள் அக்கம்பனிக்கு மட்டுமே ஓட வேண்டும். கம்பனியின் பெயரைத் தம் செலவில் லொறியிற் தீட்ட வேண்டும். கம்பனியின் கைந்நூற்படி நடக்க வேண்டும். வாடிக்கையாளரிடம் பணம் வாங்கிக் கம்பனியிடம் சேர்ப்பிக்க வேண்டும். அதற்குப் பிணையும் கட்ட வேண்டும். இவ்வளவுக்கும் கூலியில் அவர்களுக்குக் கிடைத்தது நூற்றுக்கு 50 முதல் 52 வரை. நீ அரிசி கொண்டு வா, நான் உமி கொண்டு வருகிறேன், ஊதி ஊதித் தின்போம் என்ற நம்மூர்ப் பழமொழியை இதைவிட நன்கு விளக்கும் உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. இவர்களும் சுயாதீனரே என்று பெரும்பான்மையோர் தீர்த்தனர். பிளாக், டக்ளஸ், மேர்பி என்னும் மூன்று நீதியரசர்கள் மாத்திரம் இரு வழக்குகளிலும் லொறிக்காரர் ஊழியரே எனக் கருதினர். ஒரு கிழமை கழித்து, ஜூன் 23ஆம் நாள், ஜனாதிபதி ட்ருமனின் மறுப்பையும் மீறி ராஃப்ற்–ஹார்ட்லிச் சட்டம் நிறைவேறிற்று. சுயாதீன ஒப்பந்தகாரருக்குத் தொழிற்சங்க உரிமைப் பாதுகாப்பில்லை என அச்சட்டம் வெளிப்படையாக எழுதிவைத்தது. சொல்லொன்று ஏழே நாளில் இரு கதவுகளை அடைத்துவிட்டது.

தொழிற்சங்கங்கள் இதனைக் கைகட்டிப் பார்த்திருந்தன என்று எண்ணலாகாது. 1934இன் மினியாப்பொலிஸ் வேலைநிறுத்தத்தை நமது வாசகர்களிற் சிலர் அறிந்திருப்பர். அவ்வாண்டு ஜூலை 20ஆம் நாள் பொலிசார் சுட்டதில் அறுபதுக்கு மேற்பட்டோர் காயமுற்றனர், இருவர் மாண்டனர். அவ்வளவின் பின்னும் சாரதிகள் வென்றனர். நிலக்கரி முற்றத்துத் தொழிலாளியாய் அப்போராட்டத்துட் புகுந்து அதன் தலைவர்களுள் ஒருவராய் எழுந்தவர் ஃபாரல் டொப்ஸ். 1938இல் பதினொரு மாநிலங்களின் நெடுந்தூரச் சாரதிகளுக்கு ஒரே உடன்படிக்கையைப் பெற்றுத்தந்ததில் அவருக்குப் பெரும் பங்குண்டு. தன் லொறியைத் தானே ஓட்டுபவனை விரோதியாகவோ போட்டிக்காரனாகவோ கருதலாகாது, அவனும் தொழிலாளியே, அவனைச் சங்கத்துட் கொணர வேண்டும் என்ற நோக்கை டொப்ஸ் பிற்காலத்தில் எழுதிய நூல்களில் விரிவாக விளக்கினார். 1941இல் ஸ்மித் சட்டத்தின் கீழ்த் தண்டிக்கப்பட்ட பதினெண்மருள் அவரும் ஒருவர்.

இவ்விடத்தில் நம்மவரிடையே உலவும் ஒரு கருத்தைத் தொட்டுச் செல்ல விரும்புகின்றேன். லொறி வைத்திருப்பவன், முச்சக்கரவண்டி வைத்திருப்பவன், தையல் இயந்திரம் வைத்திருப்பவள் எல்லாரையும் ‘சிறுவுடைமையாளர்’ என்று ஒரு முத்திரை குத்தி ஒதுக்கிவிடுவது நமது தோழர்கள் சிலருக்கு எளிதாயிருக்கிறது. பட்டியலில் அடங்காத மனிதன் மீது இவர்களுக்குப் பொறுமையில்லை. துண்டுக்கூலி பற்றி மார்க்ஸ் ‘மூலதனம்’ முதற்பாகத்தில் எழுதிய அத்தியாயத்தை மறுபடி ஒருமுறை படிக்குமாறு அவர்களை வேண்டுகின்றேன். மேற்பார்வை தேவையில்லாமலே ஒருவன் தன்னைத்தானே வருத்தி உழைக்குமாறு செய்யும் ஏற்பாடு அங்கே விளக்கப்பட்டிருக்கின்றது. லொறிக் கடன் என்பது அதே ஏற்பாட்டுக்கு ஒரு சில்லுப் பூட்டியது.

குத்தகைச் சாரதியின் நலனைக் காக்கச் சங்கம் கண்ட வழி நுட்பமானது. சாரதிக்கு உழைப்புக்கான சம்பளம் வேறு, லொறிக்கான வாடகை வேறு. லொறி வாடகைக்கு ஒரு குறைந்த அளவு விதிக்கப்படல் வேண்டும் என்று உடன்படிக்கையில் எழுதிற்று. ஏன்? வாடகை போதாதபோது சாரதி லொறியின் செலவைத் தன் சம்பளத்திலிருந்து ஈடுசெய்கின்றான். ஏட்டில் சங்கக் கூலி, கையில் அரைக் கூலி. பக்கத்தில் சம்பளத்துக்கு ஓட்டுபவனின் கூலியும் இதனால் கீழே இழுக்கப்படுகின்றது. இது விலைக் கட்டுப்பாடு, சட்டவிரோதமென ஒஹாயோ நீதிமன்றங்கள் கூறின. 1959இல் ஆலிவர் வழக்கில் உயர் நீதிமன்றம் சங்கத்தின் பக்கம் நின்று, இது கூலியைப் பற்றிய ஏற்பாடே, மாநிலச் சட்டம் இதனைத் தடுக்கவியலாது என்றது. இன்று பெரிதும் மறக்கப்பட்டுவிட்ட தீர்ப்பு இது. 1964இல் ஹொஃபா காலத்தில் நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்ட சாரதிகளைத் தழுவிய தேசிய உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. ஆயினும் சங்கம் பெருத்த அளவுக்குக் குத்தகைச் சாரதியின் குரல் அதனுள் மெலிந்தது. 1967இல் இந்தியானா மாநிலத்தின் கேரி நகரில், எஃகு ஏற்றிய குத்தகைச் சாரதிகள் கம்பனிகளை மட்டுமன்றித் தம் சங்கத் தலைமையையும் எதிர்த்து வேலைநிறுத்தஞ் செய்தனர். ஆலை வாசலில் மணிக்கணக்காகக் காத்திருக்கும் நேரத்துக்குக் கூலியில்லை என்பது அவர்களது மனக்குறைகளுள் ஒன்று. என் நண்பரின் கடிதத்திலும் அதே குறை இருந்தது.

1973இன் எண்ணெய் நெருக்கடியின்போது இவ்வமைப்பின் ஓட்டை எல்லாருக்கும் தெரிய வந்தது. டீசல் விலை ஏறிற்று. வேகம் மணிக்கு 55 மைலெனக் குறைக்கப்பட்டது. கூலியோ ஆணைக்குழுவின் அட்டவணைப்படி நின்ற இடத்தில் நின்றது. செலவு சாரதிக்கு, அட்டவணை கம்பனிக்கு. அவ்வாண்டு டிசெம்பரில் பென்சில்வேனியா, ஒஹாயோ முதலிய மாநிலங்களில் நெடுஞ்சாலைகளின் குறுக்கே லொறிகள் நின்றன. 1974 ஜனவரி முடிவில் தொடங்கிய வேலைநிறுத்தம் பதினொரு நாளளவு நீடித்தது, பல மாநிலங்கள் படையை அழைத்தன, உயிர்களும் போயின. எரிபொருளுக்கென நூற்றுக்கு ஆறு மேற்கூலி கிடைத்ததும் அது ஓய்ந்தது. ஒரு முதலாளியும் இல்லாத ‘சுயாதீனர்’ வேலைநிறுத்தஞ் செய்வது யாரை எதிர்த்து என்று அன்றைய பத்திரிகைகள் திகைத்தன. சாலையை மறித்தவர்களுக்கு அந்தத் திகைப்பு இருந்ததாகத் தெரியவில்லை.

இதன்பின் இரண்டு மாற்றங்கள் வந்தன. ஒன்று, 1979இல் ஆணைக்குழு வகுத்த குத்தகை விதிகள். குத்தகை எழுத்தில் இருத்தல் வேண்டும். கணக்குப் பத்திரங்களைக் கொடுத்த பதினைந்து நாளுக்குள் பணம் கொடுத்தல் வேண்டும். கழிவுகள் ஒவ்வொன்றும் காட்டப்படல் வேண்டும். பிணைப்பணத்துக்கு வட்டி வேண்டும். பங்கு முறையில் கூலி பெறும் சாரதிக்குச் சரக்குக் கூலிச் சீட்டின் பிரதி கொடுத்தல் வேண்டும். கம்பனியிடமே பொருள் வாங்கவேண்டுமென்று வற்புறுத்தலாகாது. இவ்விதிகளைப் படிப்பவருக்கு, அதற்கு முன் என்னென்ன நடந்தன என்பது தானே விளங்கும்.

மற்றது பெரிய மாற்றம். 1980 ஜூலை முதலாம் நாள் ஜனாதிபதி காட்டர் கையொப்பமிட்ட சட்டம் அனுமதிப்பத்திரக் கோட்டையைத் தகர்த்தது. பெரிய கம்பனிகளும் ரீம்ஸ்ரர் சங்கமும் அதனை எதிர்த்தன. சுயாதீனர்களின் குரலாய் 1961 முதல் ‘ஓவர்டிரைவ்’ என்ற சஞ்சிகையை நடத்திய மைக் பார்க்ஹேர்ஸ்ற் போன்றோர் அதனை வரவேற்றனர். காகிதத்துக்கு வாடகை கொடுக்கும் அடிமைத்தனம் ஒழியும் என்பது அவர்கள் நம்பிக்கை. காகிதம் மலிந்தது உண்மை. அனுமதி பெற்ற கம்பனிகளின் தொகை பத்தாண்டுக்குள் இருமடங்குக்கும் மேலாயிற்று. ஆனால் எல்லாரிடமும் இருக்கும் உரிமைக்கு விலையில்லை. கூலி வீழ்ந்தது, சங்கக் கம்பனிகள் பல மூடுண்டன. மைக்கேல் பெல்சர் என்னும் பொருளியலாளர் 2000இல் வெளியிட்ட ஆய்வுநூலுக்கு ‘சில்லுகளின் மேல் வியர்வைக்கூடங்கள்’ என்ற பொருள்படத் தலைப்பிட்டார். 1995 முடிவில் ஆணைக்குழுவே கலைக்கப்பட்டது. 1924இல் தோன்றிய ‘யெல்லோ’ கம்பனி 2023 ஓகஸ்றில் வீழ்ந்தபோது ஏறத்தாழ 30,000 பேர் வேலையிழந்தனர். அவர்களிற் பெரும்பாலோர் சங்கத்தினர்.

உரிமைக்கு விலையில்லாத காலத்திற் கம்பனி எதனை வாடகைக்கு விடும்? லொறியையே விட்டது. பழைய குத்தகை தலைகீழாயிற்று. சாரதி தன் லொறியைக் கம்பனிக்குக் கொடுத்தது போய், கம்பனி தன் லொறியைத் தவணை முறையிற் சாரதிக்குக் கொடுத்து, அதே லொறியை அவனிடமிருந்து மறுபடி குத்தகைக்கு எடுக்கின்றது. தவணைப் பணம் கிழமைதோறும் கூலியிற் கழிக்கப்படும். சரக்குக் கொடுப்பதும் கம்பனி, கடன் அறவிடுவதும் கம்பனி. சரக்குக் குறைந்த கிழமையில் சாரதி உழைத்தும் கடனாளியாகின்றான். விலகினால் செலுத்திய பணமும் லொறியும் இரண்டும் போகும்.

லொஸ் ஏஞ்சலிஸ், லோங் பீச் துறைமுகங்களில் இது எவ்வாறு பரவிற்று என்பது தனியே சொல்லத்தக்கது, ஏனெனில் அங்கே நல்ல நோக்கமொன்றே தீங்குக்கு வழியாயிற்று. துறைமுகப் புகையால் சுற்றியுள்ள ஏழை மக்கள் நோயுற்றனர். 2008 ஒக்ரோபரில் 1989க்கு முற்பட்ட லொறிகள் தடுக்கப்பட்டன. பின் படிப்படியாகப் பிறவும். சில ஆயிரம் டொலர் பெறுமதியான பழைய லொறியை ஓட்டியவர், பெரும்பாலோர் குடியேறிய மக்கள், இலட்சம் டொலரை ஒட்டிய புதிய லொறிக்கு எங்கே போவர்? லொஸ் ஏஞ்சலிஸ் துறைமுகம் இதனை முன்னரே உணர்ந்து, சாரதிகளைக் கம்பனிகள் ஊழியராய் ஏற்கவேண்டுமென்றும் விதித்திருந்தது. லொறிக் கம்பனிகளின் சங்கம் வழக்குத் தொடுத்தது. 2011இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அவ்விதியை நீக்கிற்று. காற்றைத் தூய்மையாக்கும் விதி நின்றது, அதன் செலவை யார் தாங்குவது என்ற விதி போயிற்று. கடன் சாரதிகளின் தலையில் இறங்கிற்று.

அண்மைக்காலத்தில் நீதிமன்றங்களின் காற்று ஓரளவு மாறியுள்ளது. பொதிகளை அன்றன்றே விநியோகிக்கும் ஒரு கம்பனி 2004இல் தன் சாரதிகள் அனைவரையும் ஒரே எழுத்தில் ஊழியரிலிருந்து ஒப்பந்தகாரராய் மாற்றியிருந்தது. வேலை மாறவில்லை, பெயர் மாறிற்று. டைனமெக்ஸ் வழக்கு எனப்படும் இதில் 2018இல் கலிபோர்ணிய உயர் நீதிமன்றம், கம்பனியின் வழமையான தொழிலையே செய்பவன் அதன் ஊழியனே என்ற கடுமையான அளவுகோலை வகுத்தது. 2019இல் அது மாநிலச் சட்டமாயிற்று. அதே ஆண்டு ஜனவரியில் நாட்டின் உயர் நீதிமன்றமும் நியூ பிரைம் வழக்கில், 1925இன் நடுத்தீர்ப்புச் சட்டத்தில் வரும் ‘வேலை ஒப்பந்தம்’ என்ற தொடர் சுயாதீன ஒப்பந்தகாரரையும் உள்ளடக்கும், எனவே போக்குவரத்துச் சாரதியை நீதிமன்றத்திலிருந்து அச்சட்டத்தைக் காட்டித் தடுக்கவியலாது என்று ஒரே குரலிற் தீர்த்தது. 2025 ஜனவரியில், மத்திய அரசு அமைத்த குழுவொன்று மேற்சொன்ன தவணைக் குத்தகையை முற்றாகத் தடை செய்யுமாறு பரிந்துரைத்தது.

ஆனால் 2022 ஜூலையில் ஓக்லண்ட் துறைமுகத்தைப் பல நாட்கள் மறித்தவர்கள் யார்? கலிபோர்ணியச் சட்டத்தை எதிர்த்த சொந்த லொறிச் சாரதிகள். எம்மை ஊழியராக்காதே என்பதே அவர்கள் கோரிக்கை. சங்கத் தோழர்கள் சிலர் இவர்களை முதலாளிகளின் கைப்பொம்மைகள் என்றனர். எனக்கு அது சரியாய்ப் படவில்லை. இருபதாண்டு கடன் கட்டி லொறியை மீட்டவன், நாளை கம்பனியின் சம்பளக்காரன் ஆகும்போது அந்த லொறியை என்ன செய்வான் என்று கேட்கின்றான். தான் பட்ட சம்பள வேலையை நினைவில் வைத்துக்கொண்டே கேட்கின்றான். இக்கேள்விக்கு 1938இல் டொப்ஸின் காலத்தவர் ஒரு விடை வைத்திருந்தனர்: லொறிக்கு வேறு கணக்கு, உழைப்புக்கு வேறு கணக்கு. இன்றைய சட்டம் அந்த விடையைத் தேடவில்லை.

நண்பருக்கு எழுதிய மறுகடிதத்தில் இவ்வளவையும் எழுதினேன் என்று சொல்ல மாட்டேன். தனித்து ஓடுவதற்குக் கையில் ஆறு மாதச் செலவுக்குப் பணமும், தரகரை நம்பாமல் நேரே சரக்குத் தரும் இரண்டு மூன்று வாடிக்கையாளரும் இல்லாதபோது அது சுதந்திரமாகாது என்று எழுதினேன். குத்தகைக்குக் கொடுப்பதாயின் கம்பனியிடமிருந்து புதிய லொறி எதனையும் தவணைக்கு வாங்கிவிடாதே, உன் பழைய லொறியே உன் பலம் என்றும், பங்கு முறையானால் ஒவ்வொரு பயணத்துக்கும் சரக்குக் கூலிச் சீட்டின் பிரதியைக் கேள், அது 1979 முதல் உனக்குள்ள உரிமை என்றும் எழுதினேன். அவர் குத்தகை வழியையே தெரிந்துகொண்டார். சீட்டின் பிரதியையும் கேட்டாராம். அலுவலகத்திலிருந்த பெண் இதுவரை ஒருவரும் இதனைக் கேட்டதில்லையே என்று வியந்து, மேலிடத்தில் விசாரித்துச் சொல்வதாகக் கூறினாளாம். மூன்று கிழமையாகியும் பிரதி வரவில்லையென்றும், தம்முடன் ஓட்டும் வேறு நால்வர் இப்பொழுது தாமும் கேட்கத் தொடங்கியுள்ளனரென்றும் சென்ற மாதம் எழுதியிருந்தார்.